‘அது இருக்கட்டும்’ என்று எழுதிய வரி

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. மாதத்தில் பத்து நாள் நைட் டூட்டி வரும். சபையில் பெண்கள் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளியிலும் வகுப்பு எடுக்கிறேன். தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஜெபம் பண்ணுகிறேன். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வருடா வருடம் வேதத்தை முழுக்க வாசித்து முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். இவ்வளவு செய்தும் மூன்று வருடமாக உள்ளே ஒன்றுமே இல்லை ஐயா. முழங்காலில் நிற்கிறேன், வாய் பேசுகிறது, மனசு எங்கேயோ இருக்கிறது. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், ‘அக்கா ஜெபித்தால் கேட்கப்படும்’ என்று எனக்குத்தான் போன் வருகிறது. வெட்கமாக இருக்கிறது. வெளியூரில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஜெபித்த ஊழியர் என் தலையில் கை வைத்து, ‘மறைவான பாவம் ஒன்று தடையாக இருக்கிறது’ என்றார். நான்கு நாள் தூக்கமில்லை. தோழி ஒருத்தி 40 நாள் உபவாசம் இருந்து பார் என்கிறாள். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டு விஷயத்தில் அண்ணனோடு பேச்சு இல்லை, அம்மா அவனிடம்தான் இருக்கிறார்கள், அது இருக்கட்டும். ஆண்டவரோடு இன்னும் ஆழமாக நெருங்க நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம், கடலூர்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு, கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை நாலரை மணி, மூன்று அதிகாரம், வெள்ளிக்கிழமை என்று கணக்குகள்தான் கண்ணில் பட்டன. மூன்றாவது தடவை ஒரு சின்ன வரி என் கையைப் பிடித்து நிறுத்தியது. ‘அது இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற சில காரியங்களை ஒதுக்கிவிடுவோம்.

கூட்டத்தில் அந்த ஊழியர் சொன்னதை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒருவர் சொன்ன வார்த்தை அது. யார் தலையில் கை வைத்துச் சொன்னாலும் பொருந்தும். வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவருக்கும் பொருந்தியிருக்கும், பின்னால் நின்றவருக்கும் பொருந்தியிருக்கும். யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் இதையேதான் அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்னார்கள்: உன்னிடம் ஏதோ பாவம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கஷ்டம். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யோபுவின்மேல் இல்லை, அந்தச் சிநேகிதர்கள்மேல். யோபு 42-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சோர்ந்து வந்தவர்கள்மேல் இப்படிப் பாரத்தைத் தூக்கி வைக்கிற ஊழியத்தைப் பார்த்துப் பார்த்து என் மனசு வெந்திருக்கிறது. உங்களைப் போல் தூக்கமிழந்து வந்தவர்களை என் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன்.

நாற்பது நாள் உபவாசம் வேண்டாம். நைட் டூட்டி பார்க்கிற உடம்பு, அதற்குமேல் நாலரை மணி. ராத்திரி முழுக்க விழித்திருந்து ஐ.வி. லைன் பார்த்த கண்ணோடு முழங்காலில் நின்றால் மனசு அலையாமல் என்ன செய்யும்? எலியாவின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். 1 இராஜாக்கள் 19. யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே விழுந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்றவர். கர்த்தர் அவருக்கு முதலில் வசனம் அனுப்பவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு வெகு நாள் கழித்து. நைட் டூட்டி முடிந்து வருகிற காலையில் உங்களுக்குத் தூக்கம்தான் ஆராதனை. குற்ற உணர்ச்சி இல்லாமல் தூங்குங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஜெபத்தில் மட்டும்தானா இந்த வெறுமை? சாப்பாட்டில் ருசி இருக்கிறதா, பிள்ளைகள் சிரித்தால் கூடச் சிரிக்க முடிகிறதா? எல்லாவற்றிலுமே மனசு மரத்துப்போயிருக்கிறது என்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, இந்த வயதில் வருகிற உடல் மாற்றங்கள் எல்லாம் மனசை எப்படிப் பிடித்து இழுக்கும் என்று ஒரு நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனச்சோர்வு என்றால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது, பக்கத்தில் புதுச்சேரியிலேயே ஜிப்மர் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போல் இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அடிக்கலாம், அரசின் டெலி மனஸ் சேவை, இலவசம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம்.

ஜெபத்தில் வறட்சி வருவது உங்களுக்கு மட்டும் நடந்த விபத்து மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஸ்பெயின் தேசத்து ஆவிலா தெரேசா என்ற கன்னியாஸ்திரீயைப் பற்றி நம் சபைகளில் அதிகம் பேசுவதில்லை. புதுச்சேரியில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் எனக்கு நண்பர், அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். 1515-இல் பிறந்து 1582-இல் இறந்தவர், ஜெபத்தைப் பற்றி அவரைப் போல் எழுதினவர்கள் குறைவு. அவரே ஒப்புக்கொள்கிறார்: சில வருடங்களாக, ஜெப நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது மணி அடிக்கும் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன் என்று. அந்த வரி எனக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது தெரியுமா. ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த நாள். நான் அப்போது கடலூர் பழைய டவுன் (ஓ.டி.) பக்கம் ஒரு சிறிய சபையில் ஊழியத்தில் இருந்தேன். ஆராதனைக்கு மணி அடிக்கலாம் என்று இருக்கும்போதுதான் ஆட்கள் ஓடி வந்தார்கள். இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்குமேல் அன்றைக்குப் போனார்கள். அடுத்த நான்கு நாள் நான் என்ன செய்தேன் என்று கோர்வையாகச் சொல்ல என்னால் இன்றைக்கும் முடியாது. தேவனாம்பட்டினத்தில் ஒரு அம்மா, ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளையின் செருப்பு, நீல வார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. அவள் செருப்பிலிருந்த மணலை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் நான் தனியாக ஜெபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினேன். திருவிருந்து கொடுத்தேன். கல்யாணம் நடத்தினேன். மேடையில் கண்ணை மூடி நான் ஜெபிக்கிறபோது ஆட்கள் அழுதார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் உள்ளே காலி மனைதான். உங்கள் கடிதத்தில் ‘வெட்கமாக இருக்கிறது’ என்று இருக்கிறதே, அந்த வெட்கம் எனக்குப் பழக்கமான ஆள்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார், எனக்கு ஐயர், அதாவது போதகர். அவரிடம் போய், ‘ஐயா, எனக்கு விசுவாசம் போய்விட்டது’ என்றேன். அவர் உபதேசம் எதுவும் பண்ணவில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. இருட்டிலேயே முடிந்துவிடும். வாசித்து முடித்தேன். அவர் கேட்டார்: “இதை யாரிடம் சொல்கிறான்?” கர்த்தரிடம் என்றேன். “அப்போ நீ அந்தச் செருப்பைப் பற்றி அவரிடம் சொன்னாயா?”

சொல்லவில்லை. எல்லோருக்காகவும் ஜெபித்திருக்கிறேன். ‘துயரத்தில் இருப்போரைத் தேற்றும்’ என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தச் செருப்பைப் பற்றி, அதைப் பார்த்தபோது ஆண்டவர்மேல் எனக்கு வந்த கோபத்தைப் பற்றி, ஒரு வார்த்தைகூட அவரிடம் பேசவில்லை. அதை வெளியில் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் அழுத அழுகைதான், ஒரு வருடத்தில் என்னுடைய முதல் ஜெபம்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன்.

வார்டில் இது நடக்கும், உங்களுக்குத் தெரியும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறபோது நோயாளி ‘நல்லா இருக்கேன் சார்’ என்பார். பி.பி. பார்த்து, சார்ட்டில் எழுதி, நீங்கள் கதவு வரைக்கும் போனபிறகு, ‘சிஸ்டர், இந்த இடது கைதான் கொஞ்சம் நேற்றிலிருந்து… அது இருக்கட்டும், ஒன்றுமில்லை’ என்பார். நல்ல நர்ஸ் அங்கேயே திரும்பி வந்துவிடுவாள். விசேஷமான விஷயம் கதவண்டையில்தான் வரும். உங்கள் கடிதத்தில் ஜெபத்தைப் பற்றிய வரிகள் எல்லாம் சார்ட்டில் எழுதினவை. ‘அது இருக்கட்டும்’ என்பது கதவண்டையில் சொன்னது.

மூன்று வருடமாக உள்ளே ஒன்றுமில்லை என்கிறீர்கள். அப்பா இறந்து மூன்று வருடம் என்கிறீர்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை நீங்கள்.

அப்பாவின் அடக்க ஆராதனையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களைப் போன்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பாட்டைத் தொடங்கினது நீங்களாக இருக்கும். வந்தவர்களுக்குக் காபி போயிற்றா என்று பார்த்ததும் நீங்களாக இருக்கும். ‘அழக்கூடாது, அப்பா கர்த்தரிடம் போயிருக்கிறார், நீயே அழுதால் மற்றவர்களுக்கு என்ன சாட்சி’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பீர்கள். லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அங்கே கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அழாத அழுகை உள்ளே கல்லாகப் போய்விடும். நீங்கள் முழங்காலில் நிற்கிறபோது அந்தக் கல்லின்மேல்தான் நிற்கிறீர்கள். வலிக்கும் என்று பயந்து மனசு வேறெங்காவது ஓடிவிடுகிறது.

அதற்குமேல் அண்ணன். இதில் இரண்டு காரியங்களை நீங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் வெட்டவெளிச்சமாகவே சொல்கிறேன். உங்கள் பங்கைக் கேட்பது பாவம் இல்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்று கூடவும் இல்லை, மகள் என்று குறையவும் இல்லை. ‘நீ விசுவாசி, விட்டுக்கொடு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு’ என்று யாராவது வேதத்தைக் காட்டி உங்களை நெருக்கினால், அவசரப்பட்டுப் போடாதீர்கள். ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். மன்னிப்பது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு. மனசார விட்டுக்கொடுக்க உங்களுக்குத் தோன்றினால் அது உங்கள் சுதந்திரம். பயத்திலும் வெட்கத்திலும் கொடுத்துவிட்டு, அப்புறம் வாழ்நாள் முழுக்க உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டு இருப்பதைவிட, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் அண்ணன்மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்தை ஆண்டவரிடம் சொன்னீர்களா? ‘அண்ணனை ஆசீர்வதியும்’ என்று தினமும் சொல்லியிருப்பீர்கள், அது தெரியும். ‘ஆண்டவரே, அவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, அம்மாவைப் பார்க்கக்கூட அவன் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது’ என்று சொன்னீர்களா? தாவீது இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார். அவர் பேசினதை நாம் ஆராதனையில் மாற்றி மாற்றி வாசிக்கிறோம், நமக்கென்று வரும்போது மட்டும் மரியாதை வந்து தடுத்துவிடுகிறது.

பாவத்துக்குத் தண்டனையாகக் கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படிப் படித்துவிடாதீர்கள். அவர் எங்கும் போகவில்லை. நீங்கள்தான் உங்களில் பாதியை வெளியே நிறுத்திவிட்டு, நல்ல புடவை கட்டின பாதியை மட்டும் உள்ளே அனுப்புகிறீர்கள். அந்தப் பாதிக்குப் பசியும் இல்லை, வலியும் இல்லை, அதனால் அதற்கு ஆறுதலும் கிடைக்கவில்லை.

‘இன்னும் ஆழமாக’ என்று கேட்டிருந்தீர்கள். ஆழம் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குத் தேவனாம்பட்டினத்து மணல்தான் ஞாபகத்துக்கு வரும். நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், அலைக்குக் கூப்பிடுதூரத்தில் மணலில் பள்ளம் பறித்துத் தண்ணீர் எடுப்பார்கள். இடுப்பளவு ஆழம் இருக்கும். ஒரு பாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு, நெளிந்த அலுமினியக் குடத்தில் ஊற்றுவாள். நான்கு தடவை மொண்டால் அடிமணல் தெரிந்துவிடும். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஓரத்து மணலிலிருந்து கசிந்து கசிந்து மறுபடி ஊறும். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஆச்சரியப்பட்டு இன்னும் தோண்டினால் என்ன என்று கேட்டேன். “தோண்டுனா உப்புதான் சாமி வரும். அவசரப்பட்டா கலங்கிடும்” என்றாள். அவள் சொன்னதன் காரணம் பின்னால்தான் தெரிந்தது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கும். மெதுவாக மொண்டால் அது தீராது. போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவரும். கடலோரத்தில் அப்படி உப்பேறிப்போன போர்கள் எத்தனையோ.

உங்கள் நாலரை மணியும், மூன்று அதிகாரமும், இனி வரப்போகிற நாற்பது நாளும் எனக்கு அந்த மோட்டார் மாதிரி தெரிகின்றன. அதனால் சில மாதத்துக்கு நிறுத்துங்கள்.

ஆமாம், வேதத்தை ஒரு வருடத்தில் முடிக்கிற திட்டத்தை நிறுத்தச் சொல்கிறேன். 1,189 அதிகாரங்களைப் பல தடவை முடித்தாயிற்று, யாரும் உங்களிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. இந்த வாரத்துக்குப் பதின்மூன்றாம் சங்கீதம் மட்டும் போதும். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை ‘எதுவரைக்கும்’ வரும். ஒவ்வொரு ‘எதுவரைக்கும்’ வருகிற இடத்திலும் நிறுத்தி, உங்கள் ‘எதுவரைக்கும்’ என்ன என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எதுவரைக்கும் அம்மாவை இப்படிப் பிரிந்திருப்பேன். எதுவரைக்கும் நல்லவள் வேஷம் போடுவேன். நல்ல ஜெப பாஷை வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டதா, எழுந்துவிடுங்கள். பாட்டி காத்திருந்த மாதிரி மறுநாள் வரைக்கும் காத்திருங்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, கர்த்தருடைய ஜெபத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மார்ட்டின் லூத்தர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். 1535-இல், அவருக்கு முடிவெட்டுகிற பீட்டர் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்குப் பதிலாக எழுதினது. எடுத்த எடுப்பிலேயே லூத்தர், வேறு வேலைகளாலும் நினைவுகளாலும் எனக்கே ஜெபத்தில் குளிர்ந்துபோகிற சமயம் உண்டு, அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளோ ஆலயத்துக்கோ போய், குழந்தை ஒப்பிக்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லுவேன் என்கிறார். சீர்திருத்தத்தை நடத்தின மனுஷர்! அப்புறம் முடிவெட்டுகிறவருக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறார்: சவரக்கத்தி பிடித்தவன் கண்ணும் நினைவும் கத்தியிலேயே இருக்க வேண்டும், பேச்சில் கவனம் போனால் வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான். ஊசி போடுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பத்துக் கற்பனைகளை வைத்து ஜெபிக்க அவர் சொன்ன வழி நான்கு இழையில் முறுக்கின மாலை மாதிரி, கர்த்தருடைய ஜெபத்துக்கும் அது பொருந்தும். ஒரு வரியை எடுத்து, இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது என்று பார்ப்பது. ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’ என்ற ஒரு வரியிலேயே ஒரு வாரம் ஓடும். நன்றி என்று வரும்போது அப்பா உங்களுக்கு வாங்கிக் கொடுத்த பண்டம் ஏதாவது நினைவுக்கு வரலாம். வரட்டும், விரட்டாதீர்கள். லூத்தர் அங்கே சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஏதோ ஒரு வரியில் நல்ல நினைவுகள் ஊற ஆரம்பித்தால், மற்ற வரிகளை விட்டுவிடு, அமைதியாக இருந்து கேள், பரிசுத்த ஆவியானவர் பிரசங்கம் பண்ணுகிறார். அந்த பீட்டர் ஒன்றும் பெரிய பக்தர் இல்லை. அதே வருடம் ஒரு விருந்தில் தன் மருமகனையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு நாடு கடத்தப்பட்டார். அப்படிப்பட்ட ஒரு ஆளுக்கு எழுதினது என்பதாலேயே அந்தக் கடிதத்தை நம்பி நமக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற வரி வரும்போது தாண்டிப் போகத் தோன்றும். அங்கே ஒன்றும் முடியவில்லை என்றால், ‘ஆண்டவரே, எனக்கு மன்னிக்கவே இஷ்டமில்லை, இஷ்டம் வரவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மாற்கு 9-இல் அந்தப் பிள்ளையின் தகப்பன் ‘என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கதறினானே, அவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை குணமானான்.

சபை வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுநாள் பள்ளியை விடவேண்டாம், பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பது உங்களுக்கு நல்லது. பெண்கள் ஐக்கியத்தில் முன்னால் நின்று ஜெபிக்கிறதை மட்டும் மூன்று மாதம் வேறு யாரிடமாவது கொடுங்கள். உடம்பு அலுப்பு என்று சொன்னால் போதும், பொய்யும் இல்லை. போனில் யாராவது ஜெபம் கேட்டால், ‘அம்மா, இன்றைக்கு நீங்கள் எனக்காக ஜெபியுங்கள்’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. அப்புறம் அவர்கள் தட்டுத்தடுமாறி ஜெபிப்பார்கள். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். நம்பிக்கையான ஒரு ஆளிடம், உங்கள் ஐயரிடமோ வேறு சபையில் ஒரு மூத்த அம்மாவிடமோ, இந்த மூன்று வருடக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். எனக்கு எழுதினது நல்லது, ஆனால் முகம் பார்த்துச் சொல்வது வேறு.

அண்ணனிடம் இப்போதே சமாதானம் பேசப் போகாதீர்கள். மத்தேயு 5-இல் பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இருப்பது உங்கள் மனசை அறுத்துக்கொண்டிருக்கும். அது உண்மையான கட்டளைதான், நான் அதைத் தள்ளிவைக்கவில்லை. ஆனால் பத்திரமும் பங்கும் மனசில் கொதித்துக்கொண்டிருக்கும்போது போனால் ஒப்புரவு வராது, இன்னொரு சண்டைதான் வரும். முதலில் அம்மாவைப் பார்க்கப் போங்கள். ஆஃப் இருக்கிற ஒரு நாள், பிள்ளைகளில் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு. வீட்டு விஷயம் ஒரு வார்த்தை வேண்டாம். அம்மாவுக்குப் பிடித்ததை ஒரு டிபனில் எடுத்துப் போங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள். அண்ணன் இருந்தால், ‘நல்லா இருக்கியா அண்ணா’ என்று கேட்டால் போதும். அவன் பதில் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்டாயிற்று. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, நடந்தது அத்தனையையும், உங்களுக்கு வந்த எரிச்சலோடு சேர்த்து, ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

வசதிப்பட்டால் மறுபடி எனக்கு எழுதுங்கள். நாலரை மணிக்கு எழுந்தீர்களா, எத்தனை அதிகாரம் வாசித்தீர்கள் என்பது அந்தக் கடிதத்தில் வேண்டாம். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதுங்கள். என்ன வேலை பார்த்தார், ஆலயத்தில் எந்தப் பக்கம் உட்காருவார், உங்களை வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்றெல்லாம்.